ஆறு கரண்டி காரம்

பெட்டிக்குள் இருந்த தாளில் நூற்றுப் பன்னிரண்டு என்று அச்சிட்டிருந்தது. நான் எண்ணியபோது நூற்றொன்பதுதான் இருந்தது. இன்னொரு முறை எண்ணினேன். அதே நூற்றொன்பது. மூன்றாம் முறை அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் சிலேட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நூற்றொன்பது. மூன்று துண்டுகள் இல்லாமல் ஒரு காரை எப்படி முடிப்பது என்ற கவலையில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது வயதில் என் கவலைகள் பெரும்பாலும் எண்ணிக்கை சம்பந்தப்பட்டவையாகவே இருந்தன. இப்போதும் அப்படித்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அது அமெரிக்காவிலிருந்து வந்த கார். கார் என்றால் ஏறிப்போகிற கார் அல்ல. ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில், பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வருவது. துண்டுகளைச் சட்டத்திலிருந்து நறுக்கியெடுத்து, தாளில் இருக்கும் படத்தைப் பார்த்து, கூடவே வரும் பசையால் ஒட்டிச் சேர்க்க வேண்டும். இருந்தவற்றில் தொண்ணூற்றிரண்டு துண்டுகள் கறுப்பு. மீதிப் பதினேழும் கண்ணாடிபோல முகம் தெரியும் அளவுக்குக் குரோம் பூசியவை. முன் பம்பர், பின் பம்பர், முகப்புச் சல்லடை, சக்கர மூடிகள், விளக்கு வளையங்கள் என்று எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பதினேழுதான் எங்கள் வீட்டை ஒரு வாரம் ஆட்டிவைத்தது.

அப்போது நாங்கள் மைசூரில் ரயில்வே பட்டறைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா பட்டறையில் பிட்டர். அவருக்கு மேலே ஓர் ஆபீசர், வடக்கத்திக்காரர். அந்த ஆபீசரின் மகனுக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கார் அது. பையன் இரண்டு நாள் முயன்றுவிட்டுப் பெட்டியை மூடிவிட்டான். ஆபீசருக்கு மாற்றல் வந்து, சாமான்களை ஏற்ற ஒரு வெள்ளிக்கிழமை லாரி வருவதாக இருந்தபோது, இந்த ஊரில் இதை ஒட்டிச் சேர்க்க ஓர் ஆள்கூட இல்லையே என்று அவர் பட்டறையில் நின்று அங்கலாய்த்திருக்கிறார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மகன் செய்துவிடுவான் சார், என்று சொல்லிவிட்டார். எத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, பதினோரு பேர் என்றார்.

மகன் என்றது என்னைத்தான். ஆனால் செய்யப்போவது தான்தான் என்று அப்பா எண்ணியிருந்தார் போலிருக்கிறது. ரயில் எஞ்சினைப் பூட்டிய விரல்களுக்கு அந்தத் துண்டுகள் அரிசிப் பருக்கைபோல இருந்தன. எனவே வேலை உண்மையாகவே என்னிடம் வந்தது. முதல் வாரம் நன்றாகப் போயிற்று. கறுப்புத் துண்டுகள் தொண்ணூற்றிரண்டும் ஒட்டிக்கொண்டன. அந்தப் பசை சாதாரணப் பசை அல்ல. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் இளக்கி, ஒன்றோடொன்று கலக்கவைத்து, பற்றவைத்ததுபோல இறுக்கிவிடும். சனிக்கிழமைக்குள் கார் நான்கு சக்கரத்தில் நின்றது. முகம் மட்டும் இல்லை.

குரோம் துண்டுகளில் பசை பிடிக்கவில்லை. ஒட்டினால் ஒரு நிமிடம் நிற்கும். கையை எடுத்தால் விழும். பூச்சுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக்கைப் பசை தொடவே முடியவில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. முன் பம்பர் ஏழு முறை விழுந்தது. எட்டாம் முறை அப்பா தானே உட்கார்ந்தார்.

"எஞ்சினப் பூட்டற கைக்கு இந்தத் துக்கடா மசியமாட்டேங்குதே!" என்று அரத்தை எடுத்துத் தேய்த்தார். பம்பரில் பூனை பிறாண்டியதுபோல ஐந்து கோடுகள் விழுந்ததுதான் மிச்சம். இப்போது ஒட்டாதது போதாதென்று அசிங்கமாகவும் ஆகிவிட்டது.

"பட்டறையில ஆசிட் இருக்கு. ஒரு சின்னச் சீசாவுல கொண்டாந்து ஒரு முக்கு முக்கினா..." என்று தொடங்கினார்.

அம்மா முடிக்க விடவில்லை. "ஆசிட் இந்த வாசப்படி தாண்டினா நான் அந்த வாசப்படி தாண்டிருவேன். காரு போனா போவட்டும். பையனுக்கு ரெண்டு கண்ணுதான் இருக்கு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கு ஐந்து நாள். அன்றுதான் கொள்ளேகாலிலிருந்து அத்தான் வந்தார்.

அத்தான் என்றால் அப்பாவின் தங்கை மகன். கொள்ளேகாலில் ஒரு பட்டுக் கொட்டகையில் வேலை. நெய்வதற்கு முன்னால் பட்டு நூலை வேகவைத்து, அதில் ஒட்டியிருக்கும் பசையை எடுத்துச் சாயத்துக்குத் தயார்செய்கிற வேலை. அப்பா அவரைப் பற்றிப் பேசும்போது "நூல் அவிக்கிறவன்" என்பார். பெயர் சொல்லிக் கேட்டதில்லை. சாயம் வாங்க மாதம் ஒருமுறை மைசூருக்கு வருவார். வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு, பிறகு இரண்டரை மணி பஸ். அதற்கு மேல் உட்கார அப்பா சொன்னதில்லை. அந்த வருஷம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு முறை அப்பாவிடம் ஏதோ கேட்டாள். இரண்டு முறையும் அப்பா மழையைப் பற்றிப் பேசினார். என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை என்பது தெரியும்.

அத்தான் பம்பரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"இரும்புல ஏத்தற மொலாம் மாதிரி இல்லீங்க மாமா இது. மேலாக்க ஒரு ஏடு மாதிரி இருக்குது. பட்டுமேல கோந்து இருக்கற கணக்காத்தான். காரத்தண்ணில போட்டு வெச்சா தானா உரிஞ்சு வந்துருமுங்க."

"உரிஞ்சா பளபளப்பு போயிருமே," என்றார் அப்பா.

"இப்ப மட்டும் என்னங்க மிச்சம் இருக்குது?" என்று அத்தான் ஐந்து கோடுகளையும் காட்டினார். அப்பா அரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். நான் ஒன்று இரண்டு என்று மனதுக்குள் எண் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"கேட்டுக்க மாப்ள. காரம் நல்லாக் கெட்டியா இருக்கோணும். பச்சத் தண்ணிதான். சூடு ஆகாது, பிளாஸ்டிக்கு வளஞ்சு போயிரும். அலுமினியப் பாத்தரத்துல வெக்காத, பீங்கான்ல வை. கைய உட்டு அளையாத. அளஞ்ச கையோட கண்ணத் தொட்டியோ, எரிஞ்சு போயிரும் பாத்துக்க. ஒரு ராத்திரி ஊறட்டும். அப்பறம் நல்ல தண்ணில நாலு தரம் அலசு."

"எத்தனை கரண்டி காரம் அத்தான்?"

"அத உங்கக்காளக் கேளு. அவளுக்குத் தெரியும்."

அக்கா அப்போது பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். கெமிஸ்ட்ரியில் வகுப்பிலேயே முதல் மார்க் என்று அம்மா குழாயடியில் சொல்லாத நாள் இல்லை. எனவே அவளைக் கேட்பதுதான் முறை என்று எனக்கும் தோன்றியது. அவள் கொடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காரம் என்றால் எது, எத்தனை கரண்டி என்று கேட்டேன். மூன்று துணி மடித்தாள். நான்காவதை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அத்தான் நடந்துபோன தெருவையே பார்த்தாள்.

"காரம்னா காரம்தான்டா. காரப்பொடி. ஆறு கரண்டி போடு," என்றாள்.

எனக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கள் தெருவில் கன்னடக்காரர்கள் மிளகாய்ப் பொடியைக் காரதபுடி என்பார்கள். எங்கள் வீட்டில் அது பாதி தமிழாகிக் காரப்பொடியாக இருந்தது. பள்ளியிலும் எனக்குக் கன்னடம்தான். காரம் என்ற சொல்லுக்கு மிளகாயைத் தவிர வேறு பொருள் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மேலும், அத்தான் சொன்ன எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக மிளகாயோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கையை விட்டு அளையக் கூடாது: சரி. கண்ணில் பட்டால் எரியும்: சரி. நன்றாக அலச வேண்டும்: சரி. இவ்வளவு பொருந்திய பிறகு எவன் சந்தேகப்படுவான்?

அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, ஊறுகாய்க்கு வைத்திருந்த பீங்கான் ஜாடியில் ஆறு கரண்டி குண்டூர் மிளகாய்ப் பொடியைப் போட்டேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். குச்சியால் கலக்கினேன். பதினேழு துண்டுகளையும் நூலில் கட்டி உள்ளே இறக்கினேன். ஐந்து முறை தும்மினேன். மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை காலையில் எனக்கு முன்னால் அப்பா எழுந்துவிட்டார். ஜாடிக்குள் நேராகக் கையை விட்டு முன் பம்பரை எடுத்தார். அது ஐந்து கோடுகளோடும் பழைய பளபளப்போடும் அப்படியே இருந்தது. கூடுதலாகச் செந்நிறமாக ஒரு சகதி வழிந்தது. உரிந்ததா இல்லையா என்று முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தும்மினார். தும்மியதில் கண்ணில் நீர் வர, அந்தக் கையாலேயே துடைத்தார்.

அப்பா கத்தியதைக் கேட்டு மூன்று வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அம்மா முகத்தில் எட்டுச் சொம்பு தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போதே ஜாடியை எட்டிப் பார்த்து, "ஐயோ, எங்காரப்பொடி! ரெண்டு மாசத்துக்கு அரைச்சு வெச்சதாச்சே!" என்றாள். அப்பாவின் கண்ணைவிட அதுதான் அவளுக்கு எரிந்திருக்கும்.

அப்பா ஒரு கண் சிவந்து பட்டறைக்குப் போனார். சாயங்காலம் வந்தபோது முகம் இன்னும் மோசமாக இருந்தது. ஆபீசர் கண்ணைப் பார்த்து என்னவென்று கேட்டாராம். அப்பா சொல்லத் தெரியாமல், கார் வேலை சார், என்று மட்டும் சொன்னாராம். ஆபீசருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தன் மகனுக்காக இந்த மனிதர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார் என்று மேலும் நான்கு பேரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பதினொன்றும் நான்கும் பதினைந்து. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள். முகமில்லாத காரை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அப்பா காப்பியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பட்டறையில் அவர் பூட்டிய எஞ்சின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று பெயர். அந்தப் பெயர் ஒரு பொம்மைக் காரில் போகப்போகிறது.

"நூல் அவிக்கிறவன் பேச்சக் கேட்டேன் பாரு," என்றார்.

அக்கா தூணருகில் நின்று, தரையைப் பார்த்தபடி, மிக மெதுவாகச் சொன்னாள். "சொன்னவரையே வரச் சொன்னா ஆச்சுப்பா. தப்பு எங்கன்னு அவருக்குத்தான தெரியும்."

அப்பா நாலு முறை முடியாது என்றார். ஐந்தாம் முறை, எழுது, என்றார்.

கொள்ளேகால் பஸ் கண்டக்டர் கையில் சீட்டு கொடுத்துவிட்டால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும். அப்பா சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். "நீ சொன்னபடி செய்தது பலிக்கவில்லை. உடனே புறப்பட்டு வரவும். மாமா." மொத்தம் எட்டு வார்த்தை. அதை எழுதி முடிக்க அக்காவுக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். கன்னடத்தில் படித்தவள், பாவம், தமிழ் எழுத்து கைக்கு வரவில்லை என்று நினைத்தேன். சீட்டை நான்காக மடித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் கொடுத்தாள். நான் ஓடிப்போய்க் கண்டக்டரிடம் சேர்த்தேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் அத்தான் வந்து இறங்கினார். ஒரு காகிதப் பொட்டலமும் இரண்டு மூங்கில் குச்சிகளும் கொண்டுவந்திருந்தார். ஜாடியின் மூடியைத் திறந்தார். தும்மினார். மறுபடி எட்டிப் பார்த்தார். மறுபடி தும்மினார்.

"என்ன மாப்ள இது? நான் உன்னயக் கார வேல செய்யச் சொன்னனா, காரக் கொழம்பு வெக்கச் சொன்னனா?"

அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு என்ன ஆகப்போகிறதோ என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவின் மீசை இரண்டு முறை துடித்தது. அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

அத்தான் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெள்ளையாகச் சலவைச் சோடா. பட்டுக் கொட்டகைகளில் அதற்குத்தான் காரம் என்று பேர். நூலில் இருக்கும் கோந்தைச் சோப்பும் காரமும்தான் எடுக்கும் என்றும், நாலு கிலோ நூல் போட்டால் வெளியே வரும்போது மூன்று கிலோதான் இருக்கும் என்றும் சொன்னார். அந்த ஒரு கிலோ எங்கே போகிறது என்று எனக்கு உடனே கவலையாகிவிட்டது.

"உனக்குக் காரப்பொடின்னு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"அக்கா."

அத்தான் சமையலறைப் பக்கம் பார்த்தார். அக்கா அந்த நேரம் பார்த்துத்தான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

வேலை தொடங்கியது. அவர் செய்த விதம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். முதலில் மிளகாய் வாடையே இல்லாமல் துண்டுகளை நாலு தரம் அலசினார். மிளகாய் ஊறிய ஜாடியிலேயே சோடாவைக் கொட்டிவிடலாமே, ஒரு வேலை மிச்சம், என்றேன். "என்ன ஆகும்னு தெரியாதப்ப ஒண்ணோட ஒண்ணக் கலக்காத மாப்ள," என்றார். ஜன்னல்களைத் திறந்தார். புதுப் பீங்கான் கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, சோடா கரையாமல் அடியில் தங்கும்வரை போட்டார். என்னை மூன்றடி தள்ளி உட்காரவைத்தார். துண்டுகளைக் கையால் தொடவே இல்லை; நூல் கண்டுகளைப் புரட்டுகிற பழக்கத்தில் மூங்கில் குச்சிகளாலேயே போட்டார், எடுத்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இப்போது என் பேரனும் இதே மாதிரிக் கார் ஒட்டுகிறான். குரோமை எடுக்க, துணி வெளுக்கிற பிளீச் திரவத்தில் போடுகிறான். சோடாவைவிட அது சீக்கிரம் எடுத்துவிடுகிறது. கையுறை போடுகிறான், ஜன்னலைத் திறக்கிறான். இருந்தாலும் அவன் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் நான் குளியலறைக்குப் போய், கழிவறை கழுவுகிற ஆசிட் பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். பிளீச்சில் ஒரு சொட்டு ஆசிட் கலந்தாலும் நச்சுப் புகை வரும். போன ஞாயிற்றுக்கிழமை நாலு முறை போய்ப் பார்த்தேன். அவன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். பாட்டில் அலமாரியில்தான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம்வரை கிண்ணத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்று மணிக்குச் சக்கர மூடி ஒன்றின் ஓரத்தில் கடுகளவு குமிழ்கள் கிளம்பின. நூற்று நாற்பதுவரை எண்ணினேன். அதற்கு மேல் முடியவில்லை. பளபளப்பு மெல்லச் சாம்பல் நிறமாகி, பாலாடை விலகுவதுபோல விலகியது. வெகுநேரம் நான் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஆயிற்று? படுக்கப்போகும்போது பதினொன்று உரிந்திருந்தது. வியாழன் காலையில் பதினேழும்.

குரோமுக்குக் கீழே மஞ்சளாக ஒரு வார்னிஷ் மிச்சமிருந்தது. அதை அத்தான் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷாலும், பசை படும் இடங்களில் மட்டும் பிளேடின் முதுகாலும் எடுத்தார். நாலு தரம் அலசித் துணியில் பரப்பினார். பளபளவென்று இருந்த பம்பர் வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக்காகக் கிடந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கா இவ்வளவும்?

அப்போதுதான் அப்பா தன் வேலையைக் காட்டினார். அன்று அவர் லீவு போட்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் எடுத்த நான்காவது லீவு. சின்னச் சீசாவில் அலுமினியப் பெயின்ட் கொண்டுவந்திருந்தார். பட்டறையில் குழாய்களுக்குப் பூசுவது. அதைத் துணியில் வடிகட்டி, அணில்வால் பிரஷ்ஷால், பசை படும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு, மூச்சை அடக்கிப் பூசினார். அத்தான் குச்சியில் துண்டைப் பிடித்துக் கொடுத்தார். இருவரின் தலைகளும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியிருந்தன.

"கை நடுங்காம புடிக்கறயே," என்றார் அப்பா.

"நூலுங்க மாமா. நடுங்கினா சிக்காயிரும்."

"ஹூம். இதுவும் பிட்டர் வேலைதான்," என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "உங்கம்மா போன தடவ வந்தப்ப என்னமோ கேட்டா..." என்று இழுத்தார்.

அத்தான் உடனே, இந்த வருஷம் கொள்ளேகால் பக்கம் மழையே சரியில்லை என்று பேச ஆரம்பித்தார்.

சாயங்காலம் பசை போட்டு ஒட்டினோம். ஒட்டியது ஒட்டியபடி நின்றது. பம்பரைப் பிடித்துக் காரைத் தூக்கினேன்; கார் கூடவே வந்தது. அம்மா கைதட்டினாள். காணாமல் போன மூன்றில் இரண்டு என்னவென்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, அப்பா கம்பியை வளைத்துச் செய்துவிட்டார். மூன்றாவது என்னவென்று இன்றுவரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் லாரிக்குப் பக்கத்தில் நின்ற ஆபீசரிடம் காரைக் கொடுத்தோம். அவர் மகன் அதைத் திண்டில் வைத்து உருட்டினான். ஒன்றும் விழவில்லை. ஆபீசர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, எல்லாம் இவனே செய்ததா என்றார். சுற்றிலும் ஆட்கள், பதினைந்துக்குக் குறையாது. ஆமாம் சார் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என் மகனும், என் தங்கச்சி மகனும் சேந்து செஞ்சது சார்," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா சீட்டியடித்தார். வாசலில் பையோடு நின்ற அத்தானிடம், "ஞாயித்துக்கெழம அம்மாவயும் கூட்டிட்டு வா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கார்தான் போய்விட்டதே, அத்தானுக்கு இனி இங்கே என்ன வேலை? போதாததற்கு அத்தை வேறு எதற்கு?

பதினொரு மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அக்கா கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, மிளகாய் ஊறிய ஜாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் கை கழுவுகிற சாக்கில் அங்கே போனார். பஸ்ஸுக்கு நேரமாவதை ஞாபகப்படுத்த நானும் பின்னாலேயே போனேன்.

"ஏம்புள்ள," என்றார் அத்தான். குரலை மிகவும் தாழ்த்தியிருந்தார். "போன லீவுக்கு எங்க கொட்டாய்க்கு வந்து, காரம் எத்தன பங்கு, சோப்பு எத்தன பங்குன்னு கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதிட்டுப் போனது நீதான?"

அக்கா நிமிரவில்லை. ஜாடியை ஒரு சுற்று சுற்றினாள்.

"ஆமா. நோட்டு பத்திரமா இருக்கு," என்றாள்.

அத்தான் அப்படியே நின்றார். முதலில் கழுத்து சிவந்தது. பிறகு கன்னம். பிறகு இரண்டு காதுகளும், அவற்றின் நுனிவரை.

எனக்குப் பதறிவிட்டது. ஆறு கரண்டி குண்டூர் மிளகாய். ஜாடியைக் கழுவும்போது தெறித்திருக்கிறது. அப்பாவின் கண் பட்ட பாடு எனக்குத் தெரியும். உள்ளே ஓடி, இரண்டு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, சிந்தாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். கழுவுங்கள் அத்தான், சீக்கிரம் கழுவுங்கள், எரிகிறதா என்று கேட்டேன்.

எரியவில்லை என்றார். கண்ணில் நீர் மட்டும் நின்றது. அக்கா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவள் கண்ணிலும் தெறித்துவிட்டது போலும் என்று ஒரு சொம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். இரண்டு சொம்புத் தண்ணீரையும் யாரும் தொடவில்லை.